தரவரிசையை நம்பி நிலத்தை விற்கலாமா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியானதும் நமது கிராமங்களில் ஒரு புதிய வியாபாரம் தொடங்கிவிடுகிறது. அறுவடை சமயத்தில் நெல் வியாபாரிகள் களத்துமேட்டைத் தேடி வருவது போல, கல்லூரிகளின் ஆட்கள் முதலில் பள்ளிக்கூடத்தையும் பிறகு வீட்டையும் தேடி வருகிறார்கள். கையில் வழவழப்பான ஒரு புத்தகம். அதன் மேலட்டையில், அகில இந்தியத் தரவரிசையில் இத்தனையாவது இடம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதே எண் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள விளம்பரப் பலகையிலும், டவுன் பஸ்ஸின் முதுகிலும் இருக்கும். ஊரில் நாலு எழுத்துப் படித்தவர் ஒருவரிடம் யோசனை கேட்டால் அவரும், "ரேங்க் என்ன என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்" என்கிறார்.

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு இந்த எண்ணைப் பற்றி ஒரு தெளிவு இருப்பது மிகவும் அவசியம். மாதச் சம்பளக்காரர் தவறான கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருக்குப் போவது பணம். நமக்குப் போவது பெரும்பாலும் நிலம்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயி மூன்று மா நஞ்சையை விற்று, மகனை வெளியூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெக். சேர்த்தார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. நாட்டில் முதல் ஐம்பது இடங்களுக்குள் வந்தது என்று விளம்பரப் பலகையில் போட்டிருந்தார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த இடம் கிடைத்தது அந்த நிறுவனத்தின் மருந்தியல் படிப்புக்கு. என்ஜினீயரிங் பட்டியலில் அதன் பெயர் நூறுக்கு அப்பால் எங்கேயோ கிடந்தது. பையனுக்கே இது இரண்டாம் வருஷத்தில்தான் தெரிந்தது. அதே வருஷம் அவனுக்குக் கவுன்சலிங்கில் ஓர் அரசு என்ஜினீயரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவு கிடைக்கக்கூடிய மார்க் இருந்தது. "அந்தக் காலேஜ் லிஸ்டிலேயே இல்லையே" என்று சொல்லி வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். பையன் கெட்டிக்காரன், படித்து முடித்து ஒரு கம்பெனியில் இருக்கிறான். மூன்று மா நிலம் மட்டும் வேறொருவர் பட்டாவில் இருக்கிறது.

பட்டியல் தயாராகும் விதம்

பத்திரிகைகள் பல காலமாகவே கல்லூரிப் பட்டியல் வெளியிட்டு வந்தன. பட்டியல் ஒரு பக்கத்திலும், அதில் முன்னால் நிற்கும் கல்லூரியின் முழுப்பக்க விளம்பரம் எதிர்ப் பக்கத்திலும் இருந்ததை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இந்த நிலையில் மத்திய அரசின் மனிதவள மேம்பாட்டுத் துறை 2015 செப்டம்பரில் தேசிய நிறுவனத் தரவரிசை என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. என்.ஐ.ஆர்.எப். என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். முதல் பட்டியல் 2016 ஏப்ரலில் வந்தது. பத்திரிகைப் பட்டியல்களைவிட இது எவ்வளவோ மேல். எதற்கு எத்தனை மார்க் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போடுகிறார்கள்.

பல்கலைக்கழகங்களுக்கும் என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கும் நூறு மார்க்கை இவ்வாறு பிரிக்கிறார்கள்: ஆசிரியர்கள், மாணவர் எண்ணிக்கை, படிப்புக்கான வசதி, செலவு ஆகியவற்றுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி, வேலை, மேற்படிப்புக்கு 20, பெண்கள், ஏழைகள், வெளிமாநிலத்தார், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு இடமளித்திருப்பதற்கு 10, வேலை கொடுப்போரும் கல்வித் துறையினரும் அந்த நிறுவனத்தைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு 10.

இதில் ஆராய்ச்சிக்குரிய 30 மார்க்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ரகங்களைச் சாகுபடி செய்து சாப்பிடுகிறவர்கள் நாம். ஆனால் இங்கே எண்ணப்படுவது எத்தனை கட்டுரைகள் அச்சாயின, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எத்தனை காப்புரிமை, எவ்வளவு ஆராய்ச்சி நிதி என்பவை. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போகிறவருக்கு இவை முக்கியம். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் வருஷக் கணக்குப் பாடத்தில் தடுமாறும் பிள்ளைக்கு வேண்டியது, வகுப்புக்குத் தவறாமல் வந்து, கேட்டதை இன்னொரு முறை சொல்லிக் கொடுக்கும் ஒரு வாத்தியார். நிறையக் கட்டுரை எழுதும் பேராசிரியர் அப்படிப்பட்டவராகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பட்டியலைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கட்டுரைக் கணக்கைக் கூட்டிக் காட்டும் ஆசையும் அளவு மீறிப் போய்விட்டது. குறை கண்டு திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மார்க்கைக் குறைப்போம் என்று 2025ல் அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

அபிப்பிராயத்துக்கு 10 மார்க் என்பதும் நமக்குப் பழக்கமான விஷயந்தான். பண்ருட்டிப் பலா என்றால் சந்தையில் தனி மதிப்பு. அதே ருசியுள்ள பழம் பேர் தெரியாத ஊரிலிருந்து வந்தால் விலை குறைவு. ஏற்கெனவே பெயரெடுத்த நகரத்துக் கல்லூரிக்கு இந்தப் பத்தில் நிறையக் கிடைக்கும். தாலுகா தலைநகரில் உள்ள அரசுக் கல்லூரியின் பெயரையே அபிப்பிராயம் சொல்கிறவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கைக் கொடுப்பவர் யார்?

இதைவிட முக்கியமான விஷயம், இந்தப் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதியைக் கல்லூரிகளே எழுதிக் கொடுக்கின்றன என்பது. கட்டுரை, காப்புரிமை போன்ற சிலவற்றை வெளியிடங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் எத்தனை பேர், வேலைக்குப் போனவர் எத்தனை பேர் என்பதெல்லாம் நிறுவனம் தரும் கணக்கு. சரிபார்ப்பு இருக்கிறது என்றாலும், ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கும் நேரில் போய் வகுப்பறையில் தலையை எண்ணிப் பார்ப்பது நடக்கிற காரியமா?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டு வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில், ஒரே ஆசிரியரை ஒரே சமயத்தில் பல கல்லூரிகள் தங்களுடைய முழுநேர ஆசிரியர் என்று கணக்குக் காட்டியிருந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இந்த நிலை என்று அவர்கள் கூறினார்கள். பல்கலைக்கழகமும் விசாரித்து, இப்படி நடந்திருப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஒரே ஜோடி மாட்டை நான்கு பேர் தங்கள் தொழுவத்து மாடு என்று காட்டிக் கடன் வாங்கிய கதைதான். இணைப்புக்கே இப்படிக் கணக்கு எழுதுகிறவர்கள், தரவரிசைக்கு எழுதும்போது மட்டும் கை நடுங்கி எழுதுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

2025 பிப்ரவரியில் இன்னொரு செய்தி. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் குழுவினர் சிலரை, ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் கொடுக்க லஞ்சம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் சி.பி.ஐ. கைது செய்தது.

இதெல்லாம் நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் பெயர் பெற்ற ஒரு பத்திரிகைப் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் என்ற பேராசிரியர் 2022ல், தங்கள் நிறுவனம் கொடுத்த கணக்குகள் சரியில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வகுப்பில் எத்தனை மாணவர் என்ற கணக்கு, ஆசிரியர்களின் படிப்புக் கணக்கு இரண்டிலும் தவறு நேர்ந்ததைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த புதிய பட்டியலில் அது 18ஆம் இடத்துக்கு இறங்கியது. அதற்கு முந்தைய பட்டியலை நம்பிச் சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் நடத்தியவர்கள் அதே வாத்தியார்கள்தான், வகுப்பறையும் அதேதான். மாறியது எண் மட்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2024ல் தேசியப் பட்டியல் ஆகஸ்ட் 12ஆம் தேதியும், 2025ல் செப்டம்பர் 4ஆம் தேதியும் வெளிவந்தது. நாம் மே, ஜூன் மாதங்களில் முடிவு செய்கிறோம். ஆகவே நம் கைக்கு வருவது முந்தின வருஷத்துப் பட்டியல். அதற்குள் இருக்கும் கணக்கோ அதற்கும் முந்தியது. அந்தக் காலத்தில் இருந்த நல்ல வாத்தியார்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று நாமே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இரண்டாவது, முதல் சில இடங்களைத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்த கல்லூரிகளுக்கு நடுவில் மார்க் வித்தியாசம் மிகச் சொற்பம். 62ஆம் இடத்துக்கும் 78ஆம் இடத்துக்கும் உள்ள இடைவெளியை வகுப்பில் உட்காரும் பிள்ளை உணரப் போவதில்லை. நூறு இடங்களுக்குப் பிறகு அவர்களே தனித்தனியாக எண் கொடுப்பதில்லை. 101 முதல் 150 வரை என்று ஒரு கட்டாகக் கட்டி அகர வரிசையில் போட்டுவிடுகிறார்கள்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கல்லூரி மட்டம் என்பதும் தவறான எண்ணம். விண்ணப்பித்தால்தான் பட்டியலுக்கு எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பமே போடாத கல்லூரிகளும் உண்டு. அரசுக் கல்லூரியில் இந்தப் படிவங்களைப் பூர்த்தி செய்யத் தனியாக ஆள் ஏது? தனியார் நிறுவனங்களில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது.

நம் வயலுக்கு எந்த ரகம்?

வெள்ளைப் பொன்னி 1986ல் வெளிவந்த ரகம். சன்ன அரிசி, சாப்பாட்டுக்கு நல்லது, விலையும் உண்டு. ஆனால் யூரியாவைக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டால் கதிர் வாங்கும் சமயத்தில் சாய்ந்து படுத்துவிடும். களர் பூமிக்காரர் அதை நட்டால் நட்டக் கூலிகூடத் தேறாது. அவருக்கென்று திருச்சி 1, திருச்சி 3 போன்ற ரகங்கள் இருக்கின்றன. எந்த ரகம் முதல் ரகம் என்று வேளாண்மை ஆபீசரிடம் போய்க் கேட்டால், "உங்கள் மண் என்ன, தண்ணீர் எப்போது வரும், எந்தப் பட்டம்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். கேட்காமல் பதில் சொன்னால் அவரிடம் நாம் இரண்டாம் முறை போக மாட்டோம்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இந்தக் கேள்விகளைக் கேட்காமலேயே ஒரே ஒரு எண்ணுக்கு மயங்கிவிடுகிறோம். பையனுக்கு எந்தப் பாடத்தில் ருசி, எந்த மொழியில் இதுவரை படித்தான், வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போய் இருக்க முடியும், மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை வருஷம் கடன் தாங்கும் என்பவை நம் வீட்டு மண் பரிசோதனை. இதைச் செய்து முடித்த பிறகு தரவரிசையைக் கையில் எடுக்கலாம்.

ஆனால் நல்ல கல்லூரி வேண்டும்

இவ்வளவு சொன்னதால், எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன, படிக்கிற பிள்ளை எங்கேயும் படிக்கும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பேச்சு டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்பது சந்தேகம்.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி ஒன்று 2002ல் வெளிவந்தது. 1976ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரிய பெயருள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் சாதாரணக் கல்லூரியில் படித்தவர்களையும், அதே தகுதியோடு பெரிய கல்லூரிக்கே போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு இருவர் சம்பாத்தியத்திலும் சராசரியாகப் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளையின் திறமைதான் சம்பாதித்தது, கல்லூரியின் பெயர் அல்ல என்று ஆயிற்று. ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும், அவர்கள் நல்ல கல்லூரியில் படித்ததால் லாபம் இருந்தது. பின்னால் இன்னொரு முறை பார்த்தபோது, பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். படித்த வீட்டில் எந்தப் பரீட்சை எழுதலாம், எந்தக் கம்பெனிக்கு மனுப் போடலாம், யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்ல அப்பாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். நம் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. கல்லூரிதான் சொல்ல வேண்டும். கூடப் படிக்கும் நண்பர்கள், மேல் வகுப்பு மாணவர்கள், அக்கறையுள்ள ஓர் ஆசிரியர் ஆகியோர்தான் அந்தச் சித்தப்பாவின் இடத்தில் இருக்கிறார்கள். ஆகையால் நாம் தேட வேண்டியது அப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கும் இடத்தை. அமெரிக்கக் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றாலும், இந்த ஒரு விஷயம் எந்த ஊருக்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

பட்டியல் உதவும் இடங்கள்

பட்டியலால் நமக்கு லாபமும் உண்டு. 2023ல் கல்லூரிகள் பிரிவில் அகில இந்தியாவிலும் 3ஆம் இடம் பெற்றது சென்னை மாநிலக் கல்லூரி. முழுக்க முழுக்க அரசுக் கல்லூரி, சொற்பக் கட்டணம். 4ஆம் இடம் கோயமுத்தூர் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரிக்கு. என்ஜினீயரிங்கைத் தவிர வேறு படிப்பே இல்லை என்று நினைத்திருக்கும் நம் வீடுகளுக்கு இந்தச் செய்தியைப் பட்டியல்தான் கொண்டுவந்து கொடுத்தது. சென்னை ஐ.ஐ.டி. 2016 முதல் 2025 வரை என்ஜினீயரிங் பட்டியலில் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அங்கே பிள்ளைக்கு இடம் கிடைத்தால் யாரிடமும் யோசனை கேட்க வேண்டியதில்லை.

கடன் விஷயத்திலும் தரவரிசைக்கு மதிப்பு வந்துவிட்டது. 2024 நவம்பரில் மத்திய அரசு அங்கீகரித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னே நிற்கும் நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்குச் சொத்து ஜாமீனோ ஆள் ஜாமீனோ இல்லாமல் கடன் உண்டு. தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் இதில் சேர்க்கப்பட்டன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால், ரூ.10 லட்சம் வரை கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் சொல்லியிருந்தார்கள். இந்தக் கல்லூரி அந்த ஜாபிதாவில் இருக்கிறதா என்று பாங்க் மானேஜரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

அதே சமயம், சலுகைகளில் பெரிய பகுதி தரவரிசையோடு சம்பந்தப்பட்டதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தமிழகத்தில் 2010ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021ல் வந்தது. இவை கவுன்சலிங் வழியாக வருகிறவர்களுக்கு உரியவை. மானேஜ்மென்ட் கோட்டாவிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் இவை கைநழுவிப் போகும். தரவரிசையில் இருபது இடம் முன்னால் நிற்கும் கல்லூரிக்காக இவற்றை விட்டுக்கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

பேச்சுக்கு ஒரு கணக்கு. நான்கு வருஷத்துக்கு விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ரூ.12 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு வட்டி மட்டும் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம். உங்கள் இரண்டு ஏக்கரில் குறுவையும் தாளடியும் முழுசாக விளைந்து, செலவு போகக் கையில் நின்ற தொகையை நீங்களே இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எண்ணுக்குப் பின்னால் பாருங்கள்

தரவரிசைக்காக அனுப்பிய கணக்கைக் கல்லூரி தன் இணையதளத்திலும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, எண்ணைவிட இந்தத் தாள்தான் உபயோகமானது. பிள்ளையையே செல்போனில் அதை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் தேறினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள் என்று அதில் இருக்கும். இடைநிலைச் சம்பளம் என்றும் ஒரு தொகை இருக்கும். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரி நடுவில் நிற்பவருடைய சம்பளம் அது.

விளம்பரத்தில் போடுவது இதை அல்ல. யாரோ ஒரு மாணவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த சம்பளத்தைப் போடுவார்கள். அரசின் பயிர் விளைச்சல் போட்டியில் பரிசு வாங்கியவருடைய மகசூலை வைத்து நம்மிடம் யாராவது குத்தகை பேச வந்தால் விடுவோமா? பயிர் இன்சூரன்சுக்குக்கூடக் குலுக்கலில் வந்த வயலைத்தான் அறுத்து எடை போடுகிறார்கள். கல்லூரி எழுதிய கணக்குத்தானே, இதையும் நம்பலாமா என்று கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி கேட்க இது பிடி கொடுக்கும். 300 பேர் வேலைக்குப் போனதாகத் தாளில் எழுதியிருந்தால், அவர்களில் இருபது பேர் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது. அதையும் பார்க்கலாம். சதவீதத்தோடு பரீட்சை எழுதியவர் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். முப்பது பேர் எழுதி இருபத்தைந்து பேர் தேறிய கல்லூரியும், ஆயிரம் பேர் எழுதி எண்ணூறு பேர் தேறிய கல்லூரியும் ஒன்றாகா.

வேளாண்மைப் படிப்பைப் பற்றி நம் வாசகர்கள் அதிகம் விசாரிப்பதால் அதையும் சொல்ல வேண்டும். வேளாண்மைக்கென்று தனித் தரவரிசை 2023ல்தான் தொடங்கியது. அதில் முதலிடம் டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. பி.எஸ்சி. அக்ரி என்று இப்போது பல தனியார் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. சேருவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தப் படிப்புக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. ஐ.சி.ஏ.ஆர். என்கிறார்களே, அதுதான். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று பதில் வந்தால், வந்த பிறகு பார்ப்போம் என்று எழுந்து வந்துவிடுங்கள். மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் இந்த அங்கீகாரம் கேட்கப்படும்போது தரவரிசை எண் கை கொடுக்காது.

இதில் நமக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வேளாண் கல்லூரி மாணவர்கள் கடைசி வருஷத்தில் கிராமத் தங்கல் பயிற்சிக்காக நம் ஊர்களுக்கே வந்து தங்குகிறார்கள். மண் மாதிரி எடுப்பது எப்படி, விதை நேர்த்தி எப்படி என்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் செய்து காட்டுகிறார்களே, அவர்கள்தான். அடுத்த முறை வரும்போது டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். பண்ணை எத்தனை ஏக்கர், நீங்களே நாற்று நட்டீர்களா அல்லது ஆள் நட்டதைப் பார்த்துக் குறிப்பெழுதினீர்களா, எந்தப் பாடத்துக்கு வாத்தியார் இல்லை, விடுதிச் சாப்பாடு எப்படி, போன வருஷம் முடித்தவர்கள் எங்கே என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே வட்டாரத்துக்கு வந்தால், ஒரு பயிரில் பூச்சியைக் காட்டிப் பெயர் கேட்டாலே போதும்.

மற்றக் கல்லூரிகளை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். விழா நாளிலோ, அவர்களே வண்டி அனுப்பி அழைத்துப் போகும் நாளிலோ போகாதீர்கள். வேலை நாளில், சொல்லாமல், பஸ்ஸில் போங்கள். அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வாசல் டீக்கடையில் மாணவர்களிடம் பேசுங்கள். பதினோரு மணிக்கு எத்தனை வகுப்பில் ஆசிரியர் நிற்கிறார் என்று வராந்தாவில் நடந்தாலே தெரியும். ஆய்வகத்தில் இயந்திரத்தின் மேல் தூசு இருக்கிறதா என்று நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிக்கக் கூடியவர் யார்? பம்ப் செட்டைப் பார்த்தே அது ஓடி எத்தனை நாளாயிற்று என்று சொல்கிறவர்கள் நாம். கட்டண விவரத்தை வாய்ப்பேச்சில் விடாமல், நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, விடுதி, பஸ், பரீட்சை, "இதர வகை" எல்லாம் அடங்கலாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

மூன்று மா விற்ற அந்த விவசாயியின் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளுமாக இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு வேளாண் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தரவரிசை என்ன என்று நான் கேட்டேன். அவர் அதைச் சொல்லாமல், அங்கே மாணவிகள் முழங்கால் சேற்றில் நின்று கோணோவீடர் தள்ளிக்கொண்டிருந்ததையும், நடவில் ஒரு வரிசை கோணலாகப் போயிருந்ததை ஒரு பேராசிரியர் பிடுங்கி மறுபடி நடச் சொன்னதையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மகள், விடுதிக்கு மாதம் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வந்திருந்ததைக் காட்டினாள். கீழே அவளே நான்கு வருஷத்துக்கும் கூட்டிப் போட்டிருந்தாள்.